கோம்துவா குதிரைப் பால்மாவு: ஒரு மாதம் குடித்துப் பார்த்தபின்

பிரான்சு நாட்டின் கிழக்குப் பகுதியில் வேலை பார்க்கும் என் மகன், சென்ற கார்த்திகையில் பாளையங்கோட்டைக்கு வந்தபோது, முப்பது பொட்டலங்கள் அடங்கிய, கோம்துவா இனக் குதிரைப் பால்மாவுப் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்தான். அதற்கு முந்திய கோடையில் நானும் மனைவியும் அவனோடு தங்கியிருந்தபோது, அந்த மாவு தயாராகும் பண்ணைக்கே போய்ப் பால் கறப்பதையும் பார்த்திருந்தோம். கால்நடைப் பராமரிப்புத் துறையில் ஆய்வாளராக இருந்து, களக்காடு, நாங்குநேரி, இராதாபுரம் பக்கத்துத் தொழுவங்களிலேயே பணிக்காலத்தைக் கழித்தவன் என்பதால், தெருவில் உள்ளவர்களும் பழைய சக ஊழியர்களும் இதைப் பற்றி என்னிடமே கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட ஒரேயடியாக எழுதிவிடுவது நல்லது.

ஒரு பொட்டலத்தில் இருபது கிராம் மாவு இருக்கிறது. உறையவைத்து, காற்றை உறிஞ்சி உலர்த்திய மாவு என்பதால், ஒரு தம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் போட்டுக் கலக்கினால் கட்டி கட்டாமல் கரைந்துவிடுகிறது; கொதிக்கும் நீரில் போட்டால் திரித்திரியாகப் பிரிந்து அடியில் தங்குகிறது. கரைத்த பால் வெள்ளை வெளேரென்று இருப்பதில்லை. அரிசி களைந்த இரண்டாம் தண்ணீரைப் போல லேசான நீலம் ஓடிய வெண்மை. வாயில் வைத்தவுடன் தெரிவது இனிப்பு, அதன் பிறகு நீர்த்தன்மை, கடைசியாக வாதுமைப் பருப்பை மென்றதுபோல் ஒரு மெல்லிய மணம். இளநீரில் ஒரு கரண்டி பசும்பாலை ஊற்றியது போல என்று என் மனைவி சொன்னாள். அதைவிடப் பொருத்தமாக எனக்குச் சொல்லத் தெரியவில்லை. பண்ணையில் கறந்த சூட்டில் குடித்த பாலும் இதே சுவைதான். ஆனால் அதில் புல்லின் வாசனை கூடுதலாக இருந்தது, மாவில் அது போய்விட்டது.

காபிக்கும் தேநீருக்கும் இது உதவாது. டிகாக்‌ஷனில் ஊற்றினால் நிறம் மாறுகிறதே தவிரத் திடம் ஏறுவதில்லை. மூன்றாம் நாள், பத்துப் பொட்டலங்களை ஒன்றாகக் கரைத்து மனைவி உறை ஊற்றிவைத்தாள். மறுநாள் காலையில் சட்டியைச் சாய்த்தபோது, எருமைத் தயிர் போல் கத்தியால் வெட்டுகிற பாளம் இல்லை, பசுந்தயிர் போல் கரண்டியில் அள்ளுகிற பதமும் இல்லை. புளித்த நீரில் மிக நுண்ணிய பூக்கள் மிதந்தன, அவ்வளவுதான். இதற்குக் காரணம் மாவின் குறை அன்று. பசும்பாலில் உள்ள புரதத்தில் ஏறக்குறைய 80 சதவீதம் கேசின்; அதுதான் உறைந்து தயிராகவும் பாலாடைக்கட்டியாகவும் ஆகிறது. குதிரைப் பாலில் கேசின் ஏறக்குறையப் பாதிதான், மீதி நீரோடு நிற்கும் புரதம். கொழுப்பு பசும்பாலில் நான்கு சதவீதம் அளவுக்கும், எருமைப்பாலில் ஏழு சதவீதம் அளவுக்கும் இருக்க, குதிரைப் பாலில் ஒன்றிலிருந்து ஒன்றரை சதவீதம்தான் வருகிறது. பால்சர்க்கரையோ ஆறு சதவீதத்தைத் தாண்டுகிறது. நாக்கில் முதலில் படுகிற இனிப்பு அதுவே. ஆகவே தயிருக்கோ நெய்க்கோ ஆசைப்பட்டு யாரும் இதை வாங்க வேண்டாம். மத்திய ஆசியப் புல்வெளி மக்கள் இதைத் தயிராக்க முயலாமல், தோல் பைகளில் கடைந்து புளிக்கவைத்து, லேசான சாராயச் சத்துள்ள குமிஸ் என்னும் பானமாக்கிக் குடித்தது, பாலின் இயல்பை அறிந்து செய்த காரியம்.

விலை பற்றித்தான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். கரைத்த பாலை லிட்டர் கணக்கில் பார்த்தால், நாம் ஆவினுக்குக் கொடுப்பதைப்போல் இருபது மடங்குக்கு மேல் ஆகிறது. பண்ணையைப் பார்க்காமல் இருந்திருந்தால் இதை நானும் கொள்ளை என்றே எழுதியிருப்பேன்.

அந்தப் பண்ணையில் இருப்பவை கோம்துவா என்னும் கனரகக் குதிரைகள். பிரான்ஷ்-கோம்தே மலைப்பகுதியில் ஏரும் வண்டியும் காட்டு மரமும் இழுப்பதற்காக வளர்க்கப்பட்ட இனம் இது. 1919 முதல் இதற்கு வம்சப் பதிவேடு உண்டு. செம்புக் கலத்தைப் புளி போட்டுத் துலக்கியது போன்ற உடல் நிறம், சணல் நிறத்தில் பிடரிமயிர், அறுநூற்றைம்பது முதல் எண்ணூறு கிலோ வரை எடை. அவ்வளவு பெரிய உடலுக்கு மடி மட்டும் ஆட்டின் மடியைவிடச் சற்றே பெரிது. காம்பு இரண்டே இரண்டு. அந்த மடியில் ஒரு வேளைக்கு இரண்டு லிட்டர் அளவே தங்கும் என்பதால், இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை குட்டி குடித்துக்கொண்டோ ஆள் கறந்துகொண்டோ இருக்க வேண்டும். நம் கலப்பினப் பசுவைப்போல் காலையும் மாலையும் ஒரு வாளி நிறையக் கறந்துவிட்டுப் போகிற கதை இங்கே நடக்காது.

குட்டி பக்கத்தில் இல்லாவிட்டால் குதிரை சொரப்பு விடாது. நம்மூரில் கன்று செத்த மாட்டுக்குத் தோல்கன்று கட்டிக் காட்டிக் கறந்த காலம் எனக்கு நினைவிருக்கிறது; குதிரையிடம் அந்த வித்தை பலிக்காது என்று பண்ணைக்காரப் பெண்மணி சொன்னார். காலையில் குட்டிகளை அடுத்த அடைப்பில் விடுகிறார்கள். மூன்று மணி நேரம் கழித்துத் தாயைக் கறவைச் சட்டத்துக்குள் கொண்டுவந்து, கம்பி இடைவெளி வழியாகக் குட்டியின் மூக்கைத் தாய் முகரும்படி நிறுத்துகிறார்கள். முகர்ந்த சிறிது நேரத்தில் காம்பு நுனியில் ஒரு துளி திரண்டு நின்றது. இரண்டு குவளை மட்டும் பொருத்திய இயந்திரத்தைப் போட்டார்கள். ஒன்றரை நிமிடத்துக்குள் முடிந்துவிட்டது. கலனில் விழுந்தது ஒரு லிட்டரும் கொஞ்சமும். பின்னேரம் மறுபடி ஒரு கறவை, இரவு முழுவதும் குட்டி தாயோடு. அந்த மாவுப் பெட்டியில் இருந்தது அறுநூறு கிராம், அதாவது ஆறு லிட்டர் பால். ஐந்தாறு முறை ஒரு குதிரையைச் சட்டத்துக்குள் கொண்டுபோய் நிறுத்திய உழைப்பு. பதினொரு மாதம் சுமந்து, ஆண்டுக்கு ஒரு குட்டி ஈனும் விலங்கிடமிருந்து, குட்டிக்குக் குறை வைக்காமல் எடுக்கும் பாலுக்கு அந்த விலை நியாயம்தான்.

ஆனால் பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் தாயும் குட்டியும் படம் பாதிக் கதையைத்தான் சொல்கிறது. பால் வேண்டுமானால் குட்டி ஈன வேண்டும். ஈனும் குட்டிகளில் பாதி ஆண். உழவுக்கு டிராக்டர் வந்தபின் அந்த ஆண் குட்டிகளுக்கு வேலை இல்லை. பிரான்சின் கனரகக் குதிரைக் குட்டிகளில் பெரும்பகுதி இறைச்சிக்கே போகின்றன. பல குட்டிகள் உயிரோடு இத்தாலிக்கு ஏற்றப்பட்டு அங்கே கொழுக்கவைக்கப்படுகின்றன. இதைப் பண்ணைக்காரப் பெண்மணி மறைக்கவில்லை. நான் கேட்டதும், கையைத் துடைத்துக்கொண்டு, நேராகவே பதில் சொன்னார். இறைச்சிக்கு ஆள் இல்லாவிட்டால் இந்த இனத்தை யாரும் சினைக்கு விடமாட்டார்கள், சினைக்கு விடாவிட்டால் பாலும் இல்லை, சில காலத்தில் இனமும் இல்லை என்றார். இரண்டாம் உலகப் போருக்குப் பின் டிராக்டர் பரவியபோது, ஐரோப்பாவின் பல கனரகக் குதிரை இனங்கள் சில நூறாகச் சுருங்கிய வரலாற்றை அறிந்தவர்களுக்கு, அவர் சொன்னதில் மிகை இல்லை என்பது தெரியும். பால்மாவை வாங்குகிறவர், இந்த இறைச்சிக்கும் சேர்த்தே பணம் கொடுக்கிறார் என்பதை அறிந்து வாங்க வேண்டும் என்பதே என் கருத்து.

இறைச்சியையும் நான் ஒரு முறை அங்கே சாப்பிட்டுப் பார்த்தேன். பிரான்சில் குதிரை இறைச்சி விற்பது 1866-இல் சட்டப்படி அனுமதிக்கப்பட்டது; கடை வாசலில் குதிரைத் தலை பொருத்திய தனிக் கசாப்புக் கடைகள், எண்ணிக்கை குறைந்தாலும், இன்னும் இருக்கின்றன. வெட்டியவுடன் ஆழ்ந்த சிவப்பு, சிறிது நேரத்தில் கறுப்புக்கு நெருங்கும் நிறம். கொழுப்பு மஞ்சளாகவும் விரலில் உருகுவதாகவும் இருந்தது. தசையில் தங்கும் சர்க்கரைச் சத்து அதிகம் என்பதால் மெல்லிய இனிப்பு நாக்கில் நிற்கிறது. குதிரை அசைபோடும் விலங்கு அன்று. ஆகவே மாட்டின் பெருவயிற்றில் நுண்ணுயிர்கள் மாற்றிவிடும் புல்லின் கொழுப்பமிலங்கள், குதிரையிடம் பெருமளவு மாறாமலே உடலில் சேர்கின்றன. அந்த மிருதுவான கொழுப்புக்குக் காரணம் அதுவே. இரும்புச் சத்தும் நிறைய உண்டு. உப்பும் மிளகும் போட்டு மகன் நன்றாக வேகவைத்துக் கொடுத்தான். அங்கே பச்சையாக நறுக்கியும் உண்கிறார்கள். 1975 முதல் பிரான்சிலும் இத்தாலியிலும் பச்சைக் குதிரை இறைச்சியால் நாடாப்புழுவைவிடக் கொடிய டிரைகினெல்லா புழு நோய் பரவியதைப் படித்தவன் என்பதால், நான் அதற்கு உடன்படவில்லை. என் மனைவி தொடவே இல்லை. எங்கள் சாஸ்தா கோயில் வாசலில் நிற்கும் மண்குதிரைக்கு மாலை போட்ட கை அது, அதை நான் வற்புறுத்தவும் இல்லை. நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு விதிகளில் இறைச்சிக்கான விலங்குகளின் பட்டியலில் குதிரை கிடையாது என்பதால், இங்கே அதை வாங்குவது பற்றிய கேள்வியே எழாது.

அங்கே எனக்கு மிகவும் பிடித்திருந்தது இன்னொன்று. ஐரோப்பிய ஒன்றியத்தில் ஒவ்வொரு குதிரைக்கும் கடவுச்சீட்டு போல ஓர் அடையாளப் புத்தகம் உண்டு. அந்தக் குதிரை உணவுக்குரியதா இல்லையா என்பது அதிலேயே பதிவாகிறது. வலிக்குப் போடும் ஃபினைல்பியூட்டசோன் மருந்தை ஒரு முறை போட்டாலும், அந்தக் குதிரை பிறகு உணவுச் சங்கிலிக்குள் வரக்கூடாது. 2013-இல் மாட்டிறைச்சி என்று பெயரிட்ட பொட்டலங்களில் குதிரை இறைச்சி அகப்பட்டு ஐரோப்பாவே கலங்கியதற்குச் சுவையோ மதமோ மட்டும் காரணமில்லை, இந்த மருந்து பற்றிய அச்சமும் காரணம். பால்மாவுப் பெட்டியில் கறந்த பண்ணையும் தொகுதி எண்ணும் அச்சாகியிருப்பதை நான் நம்பிக்கையோடு படித்தேன்.

பெட்டிக்குள் இருந்த விளக்கத் தாளை அப்படி நம்ப முடியவில்லை. தோல் நோய், குடல் புண், சோர்வு, எதிர்ப்புச் சக்தி என்று நீளும் பட்டியலில் பாதிக்கு மேல் விற்பனைப் பேச்சு. 1858-இல் ருஷ்யாவின் சமாரா நகருக்கு அருகில் மருத்துவர் போஸ்த்னிகவ், காச நோயாளிகளுக்காகக் குமிஸ் மருத்துவ இல்லம் தொடங்கியதிலிருந்தே இந்தப் பாலுக்கு மருந்தென்ற பெயர் தொடர்கிறது. மருந்து கண்டுபிடிக்கப்படாத காலத்தில் நல்ல உணவும் ஓய்வும் திறந்த காற்றும் சேர்ந்து செய்த உதவியைப் பாலின் கணக்கில் மட்டும் எழுதக்கூடாது. ஒரு மாதம் குடித்ததில் எனக்கு வயிறு இலேசாக இருந்தது, வேறு மாற்றம் எதுவும் இல்லை. பால்சர்க்கரை ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு இது பசும்பாலைவிடத் தொல்லை தரும். நீரிழிவு உள்ளவர்கள் இனிப்பைக் கணக்கில் கொள்ள வேண்டும்.

இதையெல்லாம்விட முக்கியமான ஒன்று. மாவுப் பெட்டியைப் பார்த்த மறுநாளே எதிர்வீட்டுக்காரர் வந்து, “அண்ணாச்சி, மருமவளுக்கு அடுத்த மாசம் பேறுகாலம். கழுதைப்பாலுக்கு அலையுறதுக்கு இதைச் சங்குல ஊத்திரலாமா?” என்று கேட்டார். குதிரைப் பாலும் கழுதைப் பாலும் ஏறக்குறைய ஒரே வார்ப்பு. தாய்ப்பாலுக்குச் சர்க்கரையிலும் புரத அமைப்பிலும் நெருங்கியவை என்பது உண்மை. ஆனால் கொழுப்பில் தாய்ப்பாலின் பாதிகூட இல்லாத பாலால் பச்சிளங் குழந்தை எடை போடாது; பிறந்த குழந்தைக்கு ஆறு மாதம் தாய்ப்பாலைத் தவிர வேறெதுவும், கழுதைப்பாலும் குதிரைப்பாலும் உட்பட, ஒரு சங்குகூடத் தரக்கூடாது. அவர் மனம் நோகாமல் இதைச் சொல்லி அனுப்பினேன், இங்கே எழுத்திலும் சொல்கிறேன்.

இங்கேயே இந்தக் குதிரைகளை வளர்த்துப் பால் விற்கலாமே என்று கேட்கும் இளைஞர்களும் உண்டு. தயவுசெய்து வேண்டாம். நாளொன்றுக்குப் பதினைந்து கிலோவுக்குக் குறையாமல் உலர்தீவனம் தின்னும், குளிருக்கென்றே திரண்ட உடல் அது. சித்திரை வெயிலில் இராதாபுரம் தேரியின் செம்மணலில் அதை நிறுத்துவது வதை. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் நம் காயல் துறைமுகத்துக்கு வந்த மார்கோ போலோ, ஹோர்முசிலிருந்தும் ஏடனிலிருந்தும் கப்பல் கப்பலாகக் குதிரைகள் இறங்கியதையும், பாண்டிய அரசர் ஆண்டுக்கு 2,000-க்கு மேல் வாங்கியும் ஆண்டு முடிவில் நூறு மிஞ்சாததையும் எழுதிவைத்திருக்கிறார். அவையோ வெயில் நாட்டுக் குதிரைகள். பாலை நாங்களே திரும்ப வாங்கிக்கொள்கிறோம் என்று ஒப்பந்தத் தாளை நீட்டி முன்பணம் கேட்பவர்களிடம், கழுதையானாலும் குதிரையானாலும், எச்சரிக்கையாக இருங்கள்.

எனக்கு அந்தப் பண்ணையில் நின்றபோது நினைவுக்கு வந்தவை நம் உழவு மாடுகள். பிசான நெல் பருவத்துக்குச் சேற்றைச் சமன்செய்ய மரமடித்த காளைகளை, டிராக்டர் வந்த சில ஆண்டுகளுக்குள் மேலப்பாளையம் சந்தைக்கு ஓட்டிச் சென்றதை என் கண்ணால் பார்த்தேன். செயற்கைக் கருவூட்டலுக்கு ஜெர்சி ஊசி போட்டுத் திரிந்த கை என்னுடையது. கறவை கூடியதில் எனக்கு மகிழ்ச்சிதான், ஆனால் நாட்டு மாட்டின் பாலுக்கு நியாய விலை கொடுத்து வாங்க அன்று ஆள் இருந்திருந்தால் சில தொழுவங்களாவது மிஞ்சியிருக்கும். இன்று நாட்டுப்பசுப் பால் என்று கூடுதல் விலைக்கு விற்பவர்களிடம், காளைக்கன்றுகளை என்ன செய்கிறீர்கள் என்ற கேள்வியையும் நாம் கேட்க வேண்டும். அந்தப் பிரெஞ்சுப் பெண்மணியைப் போல நேராகப் பதில் சொல்கிறவரிடம் வாங்கலாம்.

பொருளின் மீது எனக்கிருக்கும் ஒரே பெரிய குறை, பொட்டலத்தின் தாள். வடகிழக்குப் பருவமழை ஈரத்தில், வாய் திறந்த பொட்டலம் ஒரே இரவில் வெல்லக்கட்டி போல இறுகிவிடுகிறது. மூடி வைக்கும் வசதி எதுவும் செய்யப்படவில்லை. கரைக்கும் விதமும் பிரெஞ்சிலும் ஜெர்மனிலும் மட்டுமே இருக்கிறது. திறந்த பொட்டலத்தை அன்றே முடித்துவிட வேண்டும், திறக்காதவற்றை ஈரம் புகாத பாத்திரத்தில் வைக்க வேண்டும். எங்கள் வீட்டில் மீதியிருக்கும் நான்கு பொட்டலங்களை மனைவி புழுங்கலரிசி டப்பாவுக்குள் புதைத்து வைத்திருக்கிறாள். இதுவரை கட்டி பிடிக்கவில்லை.