கூடார விரிப்புக்கு எது உகந்தது: டைவெக்கா, பாலித்தீன் தாளா, ஜன்னல் படலமா?

கட்டுமானப் பொருள்களைக் கொண்டு நடைபயணத்துக்கான தரைவிரிப்பையும், தலைக்கு மேல் கூரைபோல் கட்டும் மேல்விரிப்பையும் தாமே செய்துகொள்ள விரும்புவோர் பெரும்பாலும் மூன்று பொருள்களுக்கு நடுவில் தயங்கி நிற்பார்கள். மரச்சட்ட வீடுகளின் வெளிச்சுவரைச் சுற்றிப் போர்த்தும் டைவெக், காங்கிரீட் தளத்துக்கு அடியில் ஈரம் ஏறாதிருக்க விரிக்கும் பாலித்தீன் தாள், குளிர்காலத்தில் ஜன்னலின் உட்புறம் ஒட்டி வெப்பக் காற்றால் இறுக்கும் மெல்லிய படலம் ஆகியவையே அவை. மூன்றையும் பயன்படுத்திப் பார்த்த பிறகு நான் டைவெக்கைத் தேர்ந்துகொண்டேன். எடையோ விலையோ அதற்குக் காரணமல்ல. கிழிந்தபின் அதைச் சரிசெய்ய முடிகிறது என்பதே காரணம்.

எடையில் ஜன்னல் படலத்தை மற்ற இரண்டும் நெருங்கவே முடியாது. இரண்டு சதுர மீட்டர் தரைவிரிப்பு படலத்தில் ஏறத்தாழ 35 கிராம், வீட்டுச்சுவருக்கான டைவெக்கில் 120 கிராம், 0.15 மில்லிமீட்டர் தடிமனுள்ள பாலித்தீன் தாளில் 280 கிராம் வரும். விலையில் பாலித்தீன் தாள் மலிவு. டைவெக் பெரிய சுருளாகவே விற்கப்படுவதால், வேலை முடிந்த கட்டடத்தில் மிஞ்சிய துண்டு கிடைத்தால்தான் அது மலிவாகும். மூன்றுமே பிளாஸ்டிக் என்பதால், அடுப்புக்கும் தீக்கும் அருகில் எதையும் கொண்டுபோகக் கூடாது.

இனிப் பழுதுபார்ப்புக்கு வருவோம். காட்டில் விரிக்கும் எந்த விரிப்பிலும் முள்ளோ கூர்ங்கல்லோ என்றாவது ஒருநாள் துளையிடத்தான் செய்யும். அந்தத் துளை பிறகு என்ன ஆகிறது என்பதில்தான் இவை மூன்றும் பிரிகின்றன. ஜன்னல் படலம் குத்துக்கு ஓரளவு தாங்கினாலும், ஓரத்தில் ஒரு சிறு வெட்டு விழுந்துவிட்டால், இழுக்கும் திசையில் கிழிசல் நெடுக ஓடிவிடும். பாலித்தீன் தாளில் கிழிசல் அவ்வளவு வேகமாக ஓடுவதில்லை. ஆனால் அது இழுபட்டு நீண்டு மெலிவதோடு, அதன் வழுவழுப்பான பரப்பில் சாதாரண டேப் நெடுநாள் ஒட்டி நிற்பதுமில்லை. டைவெக் நெய்யப்பட்ட துணியல்ல. நுண்ணிய பாலித்தீன் இழைகளை ஒழுங்கின்றிப் பரப்பி, வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் பிணைத்துச் செய்தது. 1955-இல், டைவெக்கைத் தயாரிக்கும் டூபாண்ட் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்துக் குழாயொன்றிலிருந்து பஞ்சுபோல் வெளிவந்த பாலித்தீன் இழையை ஒரு ஆய்வாளர் கவனித்ததுதான் அதன் தொடக்கம். இழைகள் எல்லாத் திசைகளிலும் ஓடுவதால் கிழிசல் நீண்டு ஓட ஒரு தடம் கிடைப்பதில்லை. துளையைச் சுற்றியுள்ள மண்ணைத் துடைத்து, நன்றாகக் காயவிட்டு, சுவர் உறையின் மூட்டுகளுக்கென்றே விற்கப்படும் அக்ரிலிக் பசை டேப்பை இரு பக்கமும் ஒட்டி விரலால் அழுத்தித் தேய்த்துவிட்டால், அந்த இடம் சுற்றியுள்ள பரப்பைவிட உறுதியாகிவிடுகிறது. ஊசியோ நூலோ பசைப்புட்டியோ வேண்டியதில்லை. ஒரு முழ நீள டேப்பைத் தண்ணீர்ப் புட்டியின்மேல் சுற்றி எடுத்துச் சென்றால் போதும்.

கயிறு கட்டும் முனைகளைச் செய்வதற்கும் இதே டேப்தான் உதவுகிறது. மூலையை மடித்து, டேப்பால் கனமாக்கி, அதன் பிறகு உலோக வளையம் அடித்தால் அது எளிதில் பிய்ந்து வராது. வளையம் அடிக்கும் கருவி இல்லாதவர்கள் ஒரு வழவழப்பான கூழாங்கல்லை விரிப்பின் மூலையில் பொதிந்து, அதன் கழுத்தில் கயிற்றைச் சுருக்கிட்டுக் கட்டலாம். துளையே இல்லாத இந்தக் கட்டு மூன்று பொருள்களுக்கும் பொருந்தும். பாலித்தீன் தாளுக்கு நான் இதைத் தவிர வேறெதையும் பரிந்துரைக்க மாட்டேன்.

மேல்விரிப்பாகப் பயன்படுத்துவோருக்கு இன்னொரு வேறுபாடும் முக்கியம். பாலித்தீன் தாள் நீராவியை வெளியே விடாததால், காற்றோட்டம் குறைந்த இரவில் அதன் அடிப்புறத்தில் நீர்த்துளிகள் கோத்து நிற்கும். டைவெக் நீரைத் தடுத்து, ஆவியை ஓரளவு கடத்திவிடும். அதன் சரசரப்பு தூக்கத்தைக் கெடுக்கிறது என்ற குறை உண்மைதான். சலவை இயந்திரத்தில் குளிர்ந்த நீரில் ஒருமுறை அலசி, நிழலில் காயவைத்தால் அது வெகுவாக இளகிவிடும். வெப்ப உலர்த்தியையும் இஸ்திரிப் பெட்டியையும் காட்டக் கூடாது. 135 டிகிரி செல்சியசை ஒட்டி இது உருகத் தொடங்கும். வாங்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும்: டைவெக் என்ற பெயரில் நுண்துளையிட்ட மென்வகையும் கிடைக்கிறது, அது மழைக்கு உதவாது.

டைவெக்கின் மெய்யான பலவீனம் வெயில். சுவரில் போர்த்திய உறையையே 120 நாளுக்குள் பலகை, பூச்சு போன்ற மேலுறையால் மூடிவிட வேண்டும் என்பது தயாரிப்பாளரின் அறிவுரை. ஆகவே பகல் முழுவதும் விரித்தே வைக்கும் நிலையான பந்தலுக்கு இது ஏற்றதல்ல. மாலையில் கட்டி விடியற்காலையில் அவிழ்க்கும் பயணிக்கு அந்தக் கணக்கு மெதுவாகவே தீரும். முழங்கால் ஊன்றும் இடங்களில் நாளடைவில் பஞ்சு எழும்பி நீர் கசிவதையும் பார்த்திருக்கிறேன். அங்கே முன்கூட்டியே டேப் ஒட்டிவைப்பது நல்லது. பனிச்சுமையில் இதை நான் பயன்படுத்தியதில்லை என்பதால், அதைப் பற்றி உறுதி எதுவும் கூற மாட்டேன்.

ஒவ்வொரு கிராமையும் எண்ணி நெடுந்தூரம் நடப்பவர், தரைவிரிப்புக்கு மட்டும் ஜன்னல் படலத்தை எடுத்துக்கொள்வதில் நியாயம் உண்டு; மாற்றுத் துண்டு ஒன்றையும் உடன் வைத்துக்கொண்டால்கூட எடை குறைவுதான். வண்டி செல்லும் முகாமில் விறகை மூடவும் சேற்றில் விரிக்கவும் பாலித்தீன் தாளே போதும். முதுகில் சுமந்து சென்று, மழையில் அதன் கீழ் உறங்கி, மறுநாளும் அதையே நம்பி நடக்க வேண்டியவருக்கு டைவெக்கைத்தான் சொல்வேன்.