சம்பாரண் மனுவா, தேபாகா களமா?

பீகாரின் சம்பாரணில் ஒரு பிகா நிலம் என்றால் 20 கட்டா. அதில் 3 கட்டாவில் வெள்ளைக்காரத் தோட்டத்துரைக்காக அவுரி (நீலச்சாயச் செடி) போட்டே ஆக வேண்டியிருந்தது. 1917-இல் காந்தி அங்கே போனார். ஆயிரக்கணக்கான குடியானவர்களின் வாக்குமூலங்கள் எழுதப்பட்டன, விசாரணைக் குழு உட்கார்ந்தது, 1918-இல் சட்டம் வந்து அந்தக் கட்டாயம் ஒழிந்தது. தோட்டத்துரைகள் குடியானவர்களிடம் பிடுங்கிய பணத்தில் திரும்பி வந்தது என்னவோ கால் பங்குதான்.

1946-47இல் வங்காளத்தில் நடந்த தேபாகா விவசாயிகள் போராட்டம் வேறு ரகம். பாடுபடுவது வாரக்காரர், விளைச்சலில் பாதி நிலத்தை வைத்திருக்கும் ஜோத்தாருக்கு. எங்களுக்கு மூன்றில் இரண்டு பங்கு வேண்டும் என்றார்கள். ஒன்றும் பேராசையில்லை, 1940-இல் அரசின் ஃபிளவுட் கமிஷனே பரிந்துரைத்த கணக்கு அது. ஆனால் மனுவோடு நிற்கவில்லை. அறுத்த நெல்லை ஜோத்தார் களத்துக்குக் கொண்டுபோகாமல் தங்கள் களத்தில் சேர்த்தார்கள். எனக்கு இதுதான் பெரிய விஷயமாகப் படுகிறது: களம் யாருடையதோ, மரக்கால் அவர் கையில். பெண்கள் துடைப்பத்தோடும் உலக்கையோடும் போலீஸை எதிர்த்து நின்றார்கள்.

சரி, உடனடிப் பலன்? அதில் சம்பாரண்தான் முன்னே. தேபாகாவில் 1947 பிப்ரவரியில் தினாஜ்பூர் மாவட்டம் கான்பூரில் துப்பாக்கிச் சூடு; வாரக்காரருக்கு அந்த மூன்றில் இரண்டு பங்கைத் தர ஜனவரியில் வெளியான வரைவு மசோதா சட்டம் ஆகவே இல்லை. மேற்கு வங்கத்தில் வாரக்காரர் பெயர்கள் பரவலாகப் பதிவானது 1978-இல் தொடங்கிய ஆபரேஷன் பர்காவில்தான்.