பாம்பு பயம்: ரத்தத்திலேயே இருக்கிறதா, பார்த்துப் பழகியதா?

பாம்பைக் கண்டு ஒதுங்கிய மூதாதையர்தான் பிழைத்தார்கள், அந்தப் பயம் நமக்கும் வந்தது என்கிறது பரிணாமக் கட்சி. அம்மா அலறுவதைப் பார்த்துத்தான் பிள்ளை பயப்படுகிறது என்கிறது வளர்ப்புக் கட்சி.

1980களில் அமெரிக்காவில் உளவியலாளர் சூசன் மினேகா ரீசஸ் குரங்குகளை வைத்துச் செய்த சோதனைகளைப் பார்த்தால் இரண்டுமே அரைகுறை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஆய்வகத்தில் வளர்ந்த குரங்குகள் பாம்பைச் சட்டையே செய்யவில்லை. அதற்கு அந்தப்புறம் வைத்த தீனியைச் சாவகாசமாகக் கை நீட்டி எடுத்தன. காட்டில் பிறந்த குரங்கு மிரளுவதைச் சில நிமிடம் பார்த்ததும் இவையும் மிரண்டன.

வளர்ப்புதான் ஜெயித்ததா? அவசரப்படாதீர்கள். வீடியோவை வெட்டி ஒட்டி, அதே குரங்கு பூவைக் கண்டு மிரளுவதுபோலவும் போட்டுக் காட்டினார்கள். பாம்பு பயம் ஒட்டிக்கொண்டது. பூ பயம் ஒட்டவேயில்லை.