ஏழு வருஷ பிஎல்சி, ஸ்காடா அனுபவம்: ஒரு டேங்க் லெவல் படுத்திய பாடு

வாணியம்பாடியில் தோல் பதனிடும் ஷாப்பின் கழிவுநீரை ஆவியாக்கும் எவாப்பரேட்டர் போடும் வேலையில் இருக்கிற நண்பன் போன வாரம் போனில் கேட்டான்: "டேய், டிசிஎஸ் போடலாமா, பிஎல்சி ஸ்காடாவே போதுமா? நீதான் ஏழு வருஷமா வெச்சிருக்கியே." பிஎல்சி என்பது பம்ப், வால்வை ஓட்டும் கன்ட்ரோல் பெட்டி, ஸ்காடா அதைத் திரையில் காட்டும் கம்ப்யூட்டர் சாஃப்ட்வேர், டிசிஎஸ் என்றால் இரண்டும் ஒன்றாகவே வரும் சிஸ்டம். கேட்ட நேரம் சரியில்லை. அதற்கு முந்தின ராத்திரிதான் ராணிப்பேட்டை சிப்காட்டில் எங்கள் பிளான்ட்டில் இரண்டு மணி வரை நின்றிருந்தேன்.

நடந்தது இதுதான். ஃபீட் டேங்க்கில் தண்ணீர் மட்டத்தை அளந்து சிக்னல் அனுப்பும் லெவல் டிரான்ஸ்மிட்டர் போய்விட்டது, புதிது மாட்டினோம். பழையது 0 முதல் 4 மீட்டர், புதியது 0 முதல் 5. பகல் ஷிப்டில் ஸ்காடாவில் ரேஞ்சை மாற்றிவிட்டுப் போய்விட்டார்கள், திரையில் லெவல் சரியாகவே வந்தது. ராத்திரி ஆபரேட்டர் கூப்பிடுகிறார்: "சார், டேங்க்ல தண்ணி கீது, பம்ப் நின்னுக்கினே கீது." போய்ப் பார்த்தால் திரையில் 1.25 மீட்டர். தண்ணீர் குறைந்தால் பம்பை நிறுத்தும் லோ லெவல் டிரிப்போ 1 மீட்டரில்தான். கேபிளைப் பார்த்தேன், ரிலேவைப் பார்த்தேன், ஓவர்லோடைப் பார்த்தேன், பாவம் மோட்டாரைக்கூடச் சந்தேகப்பட்டேன். கடைசியில் டிரான்ஸ்மிட்டர் சிக்னல் ஓடும் லூப்பில் மீட்டர் வைத்தால் 8 மில்லி ஆம்பியர். அப்போதுதான் உறைத்தது. சிக்னல் 4 மில்லி ஆம்பியர் என்றால் ரேஞ்சின் அடி, 20 என்றால் முழு ரேஞ்ச், அதற்குள் 8 என்றால் கால் பங்கு. ஐந்து மீட்டரில் கால் பங்கு 1.25, நான்கு மீட்டரில் கால் பங்கு 1. பிஎல்சி இன்னும் பழைய நான்கு மீட்டர் கணக்கிலேயே இருந்தது. பம்பை நிறுத்துவது அதுதான், திரை இல்லை.

இந்த ஒரு எரிச்சல்தான் ஏழு வருஷமாக. ஒரே டேக்கை, அதாவது ஒரு அளவின் பெயரையும் ரேஞ்சையும், பிஎல்சி, ஸ்காடா என்று இரண்டு இடத்தில் எழுத வேண்டும், இரண்டு இடத்திலும் திருத்த வேண்டும், நடுவில் யாரோ எப்போதோ போட்ட ஒரு எக்செல் ஷீட். டிசிஎஸ்ஸில் ரேஞ்சை ஒரு இடத்தில் மாற்றினால் திரை, டிரெண்ட், அலாரம், பம்பை நிறுத்தும் இன்டர்லாக் எல்லாம் அதையே எடுத்துக்கொள்ளும். பிறப்பு அப்படி. பிஎல்சி 1960களின் கடைசியில் அமெரிக்கக் கார் தொழிற்சாலையில் ரிலே பேனலுக்குப் பதிலாக வந்தது, திரையெல்லாம் பின்னால் ஒட்டியதுதான். ஹனிவெல்லும் யோகோகாவாவும் 1975இல் கொண்டுவந்த டிசிஎஸ் முதலிலிருந்தே தொடர்ந்து ஓடும் பிளான்ட்டுக்கென்று செய்தது.

சரி, நியாயமாகவும் சொல்ல வேண்டும். பிஎல்சியும் ஸ்காடாவும் ஒரே கம்பெனியில் வாங்கினால் இப்போதெல்லாம் டேக் பொதுவாகவே கிடைக்கிறது. நாங்கள்தான் காசு மிச்சம் என்று வேறு வேறு இடத்தில் வாங்கினோம். அப்புறம் அந்த பிஎல்சியைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது. மே மாத வெயிலில் பேனல் ஏசி நின்று உள்ளே கை வைக்க முடியாத சூட்டில்கூட ஓடியிருக்கிறது. கபாசிட்டர் உப்பி 24 வோல்ட் சப்ளை இரண்டு போனது, அது வெயிலின் வேலை. கரன்ட் போய் வந்தால் தூங்கி எழுந்த மாதிரி விட்ட இடத்தில் தொடங்கும். உள்ளே இருக்கும் சர்க்யூட் கார்டு போனால் சென்னையிலிருந்து மறுநாள் பஸ்ஸில் வந்துவிடும், நம்ம எலக்ட்ரீஷியனே மாட்டிவிடுவார். டிசிஎஸ் வைத்திருக்கும் பக்கத்து பிளான்ட்காரர் ஒரு கார்டுக்காக வாரக்கணக்கில் காத்திருந்ததையும், லைசென்ஸ் புதுப்பிக்க வந்த கொட்டேஷனைப் பார்த்து அவர் முகம் போன போக்கையும் நான் மறக்கவில்லை.

நண்பனுக்கு ஒன்று மட்டும் அழுத்திச் சொன்னேன். எது வாங்கினாலும் கோட்டிங் போட்ட கார்டு கேள். தோல் கழிவுநீரின் சல்ஃபைடு வாடை இருக்கும் இடத்தில் செம்பு கறுத்துப்போகும், வெள்ளி கான்டாக்ட்டும் தப்பாது. கன்ட்ரோல் ரூம் கதவைத் திறந்து வைத்து டீ குடிக்கிறவர்களை முதலில் விரட்டு.

"அது சரி, டிசிஎஸ்ஸா பிஎல்சியா?" என்றான். டிசிஎஸ் போடு, கடன் வாங்கியாவது போடு என்றேன். அன்றைக்கு இருந்த கோபத்தில் வேறு என்ன சொல்வேன்.

நேற்று எங்கள் புது ஆர்ஓ யூனிட்டுக்கு இன்டென்ட் போட்டேன். அதே பிஎல்சிதான். பீரோவில் ஸ்பேர் கார்டு நான்கு இருக்கிறதே.