மூன்று கதவு ஜிம்னியும் இன்னும் வராத அம்பாசடரும்

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் கும்பகோணத்தில் உட்கார்ந்து கார் கிட்டுக்கு, அதாவது உருப்படி உருப்படியாக வந்து நாமே பொருத்திச் செய்கிற சின்ன பிளாஸ்டிக் காருக்கு, பெயின்ட் அடிக்கக் கூடாது. இதைத் தெரிந்துகொள்வதற்குள் என் கையில் இரண்டு 1/24 கிட் (நிஜக் காரில் இருபத்து நான்கில் ஒரு பங்கு அளவு) பாழாகிவிட்டன. டிங்கரிங் பட்டறைக்காரர்கள் அடிக்கும் அதே என்.சி. பெயின்ட்தான் நானும் அடிப்பேன். தின்னர் ஆவியாகும்போது பிளாஸ்டிக்கின் மேல்பரப்பு குளிர்ந்துவிடும். மழைக்காலத்தில் காற்றில் இருக்கிற ஈரம் அப்படியே அதன்மேல் இறங்கும். காய்ந்த பிறகு பார்த்தால் கருநீலக் கார் மேலே பால் கொட்டித் துடைத்த மாதிரி வெளுத்திருக்கும். தை பிறக்கிற வரைக்கும் காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை.

அதனால் போன மழைக்காலத்தில் பெயின்டே தேவைப்படாத ஒரு கிட் வாங்கினேன். ஜப்பானின் அவோஷிமா கம்பெனி 'ஸ்னாப் கிட்' என்ற வரிசையில் போடும் 1/32 அளவு சுசுகி ஜிம்னி. மஞ்சள் நிறம். கப்பல் செலவு, வரி எல்லாம் சேர்த்து எனக்கு 2,400 ரூபாய் ஆனது. பெரியவர்கள் விளையாட்டுச் சாமானுக்கு இவ்வளவு கொடுப்பதா என்று யோசிப்பவர்களுக்குச் சொல்கிறேன்: மூன்று தலைமுறை ஒரே பாயில் உட்கார்ந்து மூன்று மணி நேரம் தலை நிமிராமல் வேலை பார்த்தோம். எனக்கு அந்தப் பணம் அங்கேயே திரும்பி வந்துவிட்டது.

பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். உருப்படிகள் எல்லாம் பிளாஸ்டிக் சட்டங்களில் ஒட்டியபடி வருகின்றன. காரின் உடல் மஞ்சளிலேயே வார்த்தது, பம்பர் போன்றவை கறுப்பில், கண்ணாடிகள் தெளிவான பிளாஸ்டிக்கில். கூடவே ஒரு ஸ்டிக்கர் தாள். செய்முறைத் தாளில் இருப்பது ஜப்பானிய மொழி. ஆனால் படங்களைப் பார்த்தாலே போதும், என் ஒன்பது வயதுப் பெண் என்னைக் கேட்காமலே அடுத்த படத்துக்குப் போய்விட்டாள். பசை வேண்டாம். ஒவ்வொரு உருப்படிக்கும் முளையும் துளையும் இருக்கிறது, அழுத்தினால் உட்கார்ந்துகொள்ளும்.

அந்த அழுத்தத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சரியான இடத்தில் முளை இறங்கும்போது 'டிக்' என்று ஒரு சத்தம் வருகிறது. காதுக்கு வருவதைவிட விரல் நுனிக்கு அது முன்னாடியே தெரிகிறது. கொஞ்சம் கோணலாக வைத்தால் அந்தச் சத்தம் வராது, உருப்படியும் நிற்காது. எடுத்துத் திருப்பி வைத்தால் 'டிக்'. தப்பு எது, சரி எது என்று குழந்தைக்குப் பக்கத்தில் நின்று யாரும் சொல்லத் தேவையில்லை. உருப்படிகளை வார்க்கிற அச்சை அவ்வளவு துல்லியமாக வெட்டியிருக்கிறார்கள். ஷிசுவோகா என்ற ஒரே ஊரில் டாமியா, அவோஷிமா, ஃபுஜிமி என்று இத்தனை கிட் கம்பெனிகள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. நம் சுவாமிமலையில் சிலை வார்க்கிற மாதிரி, அந்த ஊருக்கு அது கைவந்த தொழில்.

நான் கல்யாணப் பத்திரிகை அச்சகம் வைத்திருக்கிறேன். ஒரு நூல் அளவு நிறம் விலகினாலும் என் கண்ணுக்குத் தெரிந்துவிடும். இந்த ஸ்டிக்கர் தாளில் அப்படி எதுவும் இல்லை. ஒட்டுவதில்தான் கவனம் வேண்டும். நம் ஊர்ப் புழுக்கத்தில் விரல் எப்போதும் ஈரமாக இருக்கும். விரலால் எடுக்காமல், புருவம் திருத்துகிற சின்ன இடுக்கியால் எடுத்து ஒட்டுங்கள். அப்புறம், சட்டத்திலிருந்து வெட்ட நகவெட்டி சரிப்படாது, அது வளைவாகக் கடிக்கும். எலக்ட்ரானிக்ஸ் கடையில் கிடைக்கும் தட்டையான நிப்பர் போதும். முதலில் ஒரு மில்லிமீட்டர் விட்டு வெட்டுங்கள், மிச்சத்தை இரண்டாவது வெட்டில் எடுங்கள். என் பெண் ஒரே வெட்டில் எடுக்கப் போய் பக்கக் கண்ணாடி தெறித்துவிட்டது. கால் மணி நேரம் தேடி, கோரைப்பாயின் ஓரத் துணி மடிப்பில் கண்டுபிடித்தோம்.

முடித்த வண்டி பத்தரை சென்டிமீட்டருக்குச் சற்று மேல். உள்ளங்கையில் நிற்கிறது. சக்கரம் உருளும். ஸ்டியரிங் வலது பக்கம், நம் ஊர் மாதிரியே. பின்கதவில் ஸ்டெப்னி தொங்குகிறது.

"பின்னாடி உட்கார்றவங்க எப்படிப்பா ஏறுவாங்க?" என்று என் பெண் கேட்டாள். எங்கள் தெருவில் நிற்கும் ஜிம்னிக்கு ஐந்து கதவு, மாருதி 2023-ல் இங்கே விட்டது அந்த வண்டி. கிட்டில் இருப்பது ஜப்பான்காரர்கள் தங்கள் நாட்டில் ஓட்டும் 660 சிசி சின்ன வண்டி, பின்கதவோடு சேர்த்து மூன்றே கதவு. அந்த வகைக் காருக்கு அங்கே 3.4 மீட்டர் நீளம்தான் அனுமதி. ஆனால் 2025 ஜனவரியில் அதே ஐந்து கதவு வண்டி, மாருதி இங்கே தயாரித்து, 'ஜிம்னி நோமேட்' என்ற பெயரில் ஜப்பானுக்கே போனது. நான்கே நாளில் 50,000 ஆர்டர் குவிந்து, மேற்கொண்டு ஆர்டர் எடுப்பதை நிறுத்தி வைத்தார்கள். அவ்வளவு பேர் ஆசைப்பட்ட வண்டியை இதே ஸ்னாப் கிட் வரிசையில் செய்து பார்க்க எனக்கும் ஆசை. ஹரியானாவில் செய்த கார், ஷிசுவோகாவில் அச்சாகி, கும்பகோணத்துக்கு வரட்டும்.

ஆனால் நான் எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் அது இல்லை. அப்பா.

அப்பாவுக்கு எழுபத்தி நான்கு வயது. முப்பது வருஷத்துக்கு மேல் அம்பாசடர் ஓட்டியவர். கடைசியாக இருந்தது 1992 மாடல் டீசல் நோவா, டிஎன் 49 வண்டி. நவக்கிரகக் கோயில் சவாரிதான் அவருக்குச் சோறு போட்டது. விடியற்காலை திங்களூரில் தொடங்கி, ஆலங்குடி, திருநாகேஸ்வரம், சூரியனார்கோயில், கஞ்சனூர், வைத்தீஸ்வரன்கோயில், திருவெண்காடு, கீழப்பெரும்பள்ளம் என்று சுற்றி, ராத்திரி திருநள்ளாறில் முடியும். முன்சீட்டு ஒரே நீளப் பலகை மாதிரி இருக்குமே, அதில் அவரோடு இரண்டு பேர், பின்னால் ஐந்து பேர், டிக்கியில் வாழை இலை, புளியோதரைப் பாத்திரம்.

ஜிம்னியின் உள்பக்கத்தை நாங்கள் பொருத்தியபோது அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு கேட்டார்: "இதுல கியரு கீழ இருக்கு. நம்ம வண்டிக்குச் செய்யறவன் ஸ்டியரிங் பக்கத்துலல்ல வைக்கணும்?"

"நம்ம வண்டிக்கு யாரும் செய்யலப்பா."

"ஏன் செய்யல?"

இந்தக் கேள்விக்குத்தான் பதில் தேடிக்கொண்டிருக்கிறேன். பல வருஷமாகத் தேடியும் அம்பாசடருக்கு ஒரு பிளாஸ்டிக் கிட் என் கண்ணில் பட்டதில்லை. கிடைப்பவை இரண்டு வகை. ஒன்று, 1/43 அளவில் உலோகத்தில் முழுசாகச் செய்தே வரும் டாக்சி. அலமாரியில் வைத்துப் பார்க்கலாம், நம் கைக்கு அதில் வேலை இல்லை. இன்னொன்று, திருவிழாக் கடையில் தொங்கும், பின்னால் இழுத்து விட்டால் ஓடும் பொம்மை. ஒன்று வாங்கி அடியில் இருந்த திருகாணிகளைக் கழற்றிப் பார்த்தேன். பின்சீட்டு இருக்க வேண்டிய இடத்தை இழுவிசைப் பெட்டி அடைத்துக்கொண்டிருந்தது. குழந்தைகள் ஓட்டுவதற்கு அது நல்ல பொம்மைதான். அதற்குள் அப்பாவின் வண்டியைச் செய்ய முடியவில்லை.

கிட் கம்பெனிக்காரர்கள் பக்கத்து நியாயமும் எனக்குப் புரிகிறது. எஃகில் அச்சு வெட்டுவதுதான் பெரிய செலவு. ஆயிரக்கணக்கில் பெட்டி விற்றால்தான் அது திரும்பும். பெயரைப் போட அனுமதியும் வாங்க வேண்டும். 2014-ல் மேற்கு வங்காளத்தின் உத்தர்பாரா தொழிற்சாலையில் அம்பாசடர் தயாரிப்பை நிறுத்தினார்கள். 2017-ல் அந்தப் பெயரையே 80 கோடி ரூபாய்க்கு பிரான்சின் பெஜோ குழுமத்துக்கு விற்றுவிட்டார்கள். அந்தக் குழுமமும் 2021-ல் ஸ்டெல்லாண்டிஸ் என்ற கம்பெனிக்குள் போய்விட்டது. இன்றைக்கு அனுமதி கேட்டு அவர்களுக்கு எழுத வேண்டும்.

இருந்தாலும் கணக்குப் போட்டுப் பாருங்கள். அம்பாசடரின் மூலம் 1956-ல் இங்கிலாந்தில் வந்த மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசை. மேற்கூரை, கதவு, அந்த உருண்ட முதுகு, எல்லாம் கடைசி வரை அந்தச் சாயலிலேயே இருந்தன. கிரில்லும் விளக்கும்தான் பெரிதாக மாறின. அப்படியென்றால் உடலுக்கு ஒரு பெரிய அச்சு வெட்டிக்கொண்டு, முன்முகத்துக்குச் சின்னச் சின்னச் சட்டங்களை மட்டும் மாற்றிப் போட்டால் எத்தனை பெட்டி வரும்! இங்கிலாந்துக்காரர்களுக்கு மோரிஸ். சதுரக்கட்டம் போட்ட கிரில்லோடு பழைய மார்க் 2 அம்பாசடர். கல்கத்தா மஞ்சள் டாக்சி. சிவப்பு விளக்கு வைத்த வெள்ளை மந்திரி கார். ஜன்னலுக்குத் திரை போட்ட கும்பகோணம் டூரிஸ்ட் வண்டி. ஒரே வண்டியைச் சின்ன மாற்றத்தோடு நாலைந்து பெட்டியில் விற்பது கிட் தொழிலில் புதுசும் இல்லை.

இதே ஸ்னாப் கிட் முறையில், 1/32-ல் வேண்டும். பதின்மூன்றரை சென்டிமீட்டர் வரும். 1/24-ல் பெயின்ட், பசை, இன்ஜினோடு ஒன்று வந்தால் நானும் வரிசையில் முதல் ஆளாக நிற்பேன். ஆனால் அதை அப்பாவால் செய்ய முடியாது, விரல் நடுங்குகிறது. ஜிம்னியின் சக்கரங்கள் நான்கையும் அவர்தான் அழுத்தினார். ஒவ்வொரு 'டிக்'குக்கும் அவர் முகத்தைப் பார்த்தேன். பசையும் பெயின்டும் இல்லாத கிட் குழந்தைகளுக்கு மட்டும்தான் என்று நானும் நினைத்திருந்தேன். இனி அப்படி நினைக்க மாட்டேன்.

அன்றைக்கு ராத்திரி, அச்சகத்தில் மிஞ்சிய ஒரு பத்திரிகை அட்டையின் பின்பக்கத்தில் அப்பா என்னென்ன வேண்டும் என்று சொல்லச் சொல்ல என் பெண் எழுதினாள். ஸ்டியரிங் தண்டில் கியர். முன்கதவுக் கண்ணாடிக்கு முன்னால் திருப்பி விடுகிற அந்த முக்கோணக் கண்ணாடி, திறந்த நிலையில் ஒன்று, மூடிய நிலையில் ஒன்று. மேலே கேரியர், கழற்றி மாட்டுகிற மாதிரி. சீட்டு முதுகில் போடுகிற வெள்ளைத் துண்டு. டாஷ்போர்டில் பிள்ளையார். ஸ்டிக்கர் தாளில் முன்கண்ணாடிக்கு 'முருகன் துணை'. நம்பர் எழுத்து, ஆர்ட்டிஸ்ட் கையால் எழுதின மாதிரி இருக்க வேண்டும், கம்ப்யூட்டர் எழுத்து கூடாது. அந்தத் தாளை நானே அச்சடித்துக் கொடுக்கத் தயார், காசே வேண்டாம்.

கடைசியாக அவர் சொன்னது அடிப்பக்கம். அறுவடைக் காலத்தில் உளுந்தையும் எள்ளையும் செடியோடு தார் ரோட்டில் பரப்பிவிடுவார்கள், போகிற வண்டிச் சக்கரம் ஏறி மணி உதிரும். அந்தச் சருகு சக்கர அச்சிலும் பின்பக்க லீஃப் ஸ்பிரிங்கிலும் சுற்றிக்கொள்ளும். சூடான சைலன்சரில் பட்டால் புகையும். திருவெண்காடு ரோட்டில் எத்தனையோ தடவை வண்டியை ஓரம் கட்டி, கீழே படுத்துச் சருகைப் பிடுங்கியிருக்கிறார். "அடியில ஒரு தகடு வெச்சு மூடிடாதீங்கன்னு எழுது பாப்பா. ஸ்பிரிங்கு பட்டை பட்டையா தெரியணும்" என்றார்.

மற்ற ஆசைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பிரீமியர் பத்மினி கார், கட்டாயம். மாருதி ஆம்னி. 2005-ல் வந்து நம் நெல் மூட்டையெல்லாம் சுமந்த டாடா ஏஸ், அதாவது சின்ன யானை, பின்தொட்டியில் வைக்க நாலு சாக்கு மூட்டையோடு. வண்டலூரில் செய்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு வேண்டுமென்றால், அதன் இங்கிலாந்து மூலமான ட்ரையம்ப் ஹெரால்டுக்கு ஏர்ஃபிக்ஸ் கம்பெனி அந்தக் காலத்தில் போட்ட 1/32 கிட், பழைய கிட் விற்பவர்களிடம் எப்போதாவது கிடைக்கும். ஜீப்புக்கு டாமியாவின் 1/35 வில்லிஸ் இருக்கிறது, ராணுவ வண்டிதான், நம் ஊர் ஜீப்பாக மாற்றிக்கொள்ளலாம்.

ஜிம்னி கிட்டைத் தயங்காமல் வாங்குங்கள். முதல் தடவை செய்கிறவர்களுக்கு இதைவிட நல்ல தொடக்கம் எனக்குத் தெரியாது. எட்டு வயதுக்குக் கீழே என்றால் நிப்பரை மட்டும் நீங்கள் பிடியுங்கள்.

இன்னொன்று. அந்த அட்டையைப் படமெடுத்து, ஜப்பானிய மொழியில் ஒரு கடிதத்தோடு கிட் கம்பெனிகளுக்கு அனுப்பப் போகிறேன். கூடவே வண்டியின் படங்களும் அளவுகளும் போனால் மதிப்பு கூடும். அப்பாவின் வண்டியை 2011-லேயே விற்றுவிட்டோம், அது எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. உங்கள் வீட்டுக் கொட்டகையில் அம்பாசடர் நின்றால், பழைய இரும்புக்குப் போவதற்குள் ஒரு நாள் ஒதுக்குங்கள். நாலு பக்கமும், டாஷ்போர்டும், திறந்த டிக்கியும் எடுங்கள். ஒவ்வொரு படத்திலும் ஒரு அடி ஸ்கேலைப் பக்கத்தில் வையுங்கள். கொஞ்சம் சிரமம் பார்க்காமல் கீழே படுத்து, பின்பக்க ஸ்பிரிங்கையும் எடுத்துவிடுங்கள்.