பழைய தேக்கு வீடு வைத்திருப்பவர்களே, கழற்றிய மரத்தை வாசல் தாண்ட விடாதீர்கள்

பர்மாவில் மோல்மேனிலும் தட்டோன், பெகு பக்கமும் தாத்தா காலத்து வீட்டை விற்காமல் வைத்திருக்கிற நம் ஆட்களுக்காக இதை எழுதுகிறேன். பழைய வீட்டைப் பழுது பார்த்துத் தருகிறேன் என்று நல்ல தமிழ் பேசிக்கொண்டு வந்த ஒரு கன்ட்ராக்டர் எங்கள் வீட்டைக் கெடுத்துவிட்டுப் போய்விட்டார். பெயர் போடவில்லை. அவர் செய்த விதத்தைத் தெரிந்துகொண்டால், நாளைக்கு வேறு யார் வந்து இதையே செய்தாலும் உங்களுக்குப் பிடிபட்டுவிடும்.

எங்கள் வீடு யுத்தத்துக்கு முன்னால் கட்டியது. கீழே செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும், மாடி முழுக்கத் தேக்கு. 1964-இல் எங்கள் தெருவில் பாதிக் குடும்பங்கள் இந்தியாவுக்குக் கப்பலேறிவிட்டன. தாத்தா போகவில்லை. இப்போது அம்மா மட்டும் அங்கே இருக்கிறார், நான் ரங்கூனில் வேலை பார்க்கிறேன்.

வீடு நன்றாக இருந்தது என்று சொல்ல மாட்டேன். கூரைத் தகரம் துருவேறி, ஆணி அடித்த இடமெல்லாம் ஒழுகும். மேற்குச் சுவரில் இடுப்பு உயரத்துக்கு ஓதம் ஏறி, காரை பொரிந்து நிற்கும். கை வைத்தால் மாவாய் உதிரும். மாடி வராந்தாக் கைப்பிடியில் சில கம்புகள் காணாமல் போய் அங்கே கயிறு கட்டியிருந்தோம். தாத்தாவின் தையல் மிஷின் சக்கரம் இறுகிப் போய்விட்டது. பாட்டியின் டிரங்குப் பெட்டிக்குள் போட்டோக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, பிரித்தால் முகம் எதிர் அட்டையோடு போய்விடும். மோல்மேன் மழை அப்படி. ஆண்டுக்கு 4,500 மில்லிமீட்டருக்கு மேல் பெய்கிற ஊர். ரங்கூன் மழையைப் போல ஒன்றரை மடங்குக்கும் கூடுதல், அதில் பெரும்பங்கு மே முதல் அக்டோபருக்குள் கொட்டித் தீர்த்துவிடும்.

2025 மார்ச் 28-ஆம் தேதி மண்டலைப் பக்கம் 7.7 அளவில் பூமி அதிர்ந்த பிறகு, பழைய செங்கல் வீட்டில் குடியிருக்கிற எல்லோருக்கும் ஒரு பயம் வந்தது. அந்தப் பயத்தை வைத்துத்தான் இந்த ஆள் வேலை பிடித்தார். கோயிலில் பார்த்துப் பழகியவர், அம்மாவை "அம்மா" என்றே கூப்பிடுவார். "இன்னொரு ஆட்டம் வந்தா தாங்காதும்மா, தூணெல்லாம் உளுத்துப் போச்சு" என்று சொல்லி, பையிலிருந்து ஸ்க்ரூடிரைவரை எடுத்து மாடித் தூணின் ஓரத்தில் குத்திக் காட்டினார். வெளிறிய சக்கை பொலபொலவென்று விழுந்தது. பார்க்கிறவர்கள் பயப்படாமல் என்ன செய்வார்கள்?

இந்த இடத்தைக் கொஞ்சம் நின்று படியுங்கள். அந்தக் காலத்து ஆசாரிகள் தூண் அறுக்கும்போது சில இடங்களில் ஓரத்து வெள்ளை மரத்தையும் சேர்த்தே விட்டிருப்பார்கள். கரையான் அந்த வெள்ளையைத் தின்னும். உள்ளே வைரம் பாய்ந்த பகுதியை அவ்வளவு சுலபத்தில் தொடாது, தேக்கில் இயல்பாகவே இருக்கிற எண்ணெய்ச் சத்து அதற்கு ஆகாது. அதனால் ஓரத்தில் விரலளவு உதிர்ந்துவிட்டது என்பதற்காகத் தூணே போய்விட்டது என்று ஆகாது. அதே ஸ்க்ரூடிரைவரை இரண்டு அங்குலம் தள்ளி வைத்துக் குத்தச் சொல்லுங்கள். முனை இறங்காமல் வழுக்கினால் மரம் கெட்டியாக இருக்கிறது. சுத்தியலின் கட்டையால் தட்டினால் 'டொக்'கென்று பொள்ளலாகக் கேட்கிறதா, 'ணங்'கென்று கேட்கிறதா என்பதையும் கவனியுங்கள். எங்கள் வீட்டில் அவர் ஓரத்தை மட்டும்தான் குத்திக் காட்டினார்.

வாசல் கதவு, இரண்டு அறைகளின் நிலை, மாடிப்படிப் பலகைகள், வராந்தாக் கைப்பிடி எல்லாவற்றையும் கழற்றினார்கள். "கரையான் பிடிச்ச மரம், வீட்ல வெச்சா மத்ததுக்கும் பரவும்" என்று சொல்லி அன்றைக்கே வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். மச்சில் கிடந்த உடைந்த பீரோவும் அதோடு போயிற்று. புது மரமும் தேக்குதான் என்று பில்லில் எழுதிக் கொடுத்தார்.

நான் ஊருக்குப் போனபோது வீடு பளபளவென்று இருந்தது. வார்னிஷ் அவ்வளவு தடிமன். படிக்கட்டுக்கு அடியில் குனிந்து டார்ச் அடித்துப் பார்த்தேன். மேல்பக்கம் கருஞ்சிவப்புச் சாயம், அடிப்பக்கம் வெளிறிய புது மரம், ரம்பப் பல் தடம் கூட இழைக்காமல் அப்படியே இருந்தது. தேக்கை அறுத்தால் வருகிற அந்தத் தோல் வாசனை துளியும் இல்லை. எங்களுக்குத் தெரிந்த ஒரு பர்மியத் தச்சர் வந்து பார்த்து, இது தேக்கே இல்லை, கன்யின் என்கிற வேறு மரம் என்றார். கன்யின் மோசமான மரம் இல்லை, ஆனால் மழையும் கரையானும் தேக்கை விட அதை வேகமாகத் தாக்கும். முதல் மழைக்கே வாசல் கதவு உப்பிக்கொண்டு நிலையில் சிக்கியது. பழைய படிகளில் மூன்று தலைமுறை ஏறி இறங்கி நடுவில் லேசாகப் பள்ளம் விழுந்திருந்தது, ஒரு இரும்பாணி கிடையாது, எல்லாம் மரமுளை. அப்படி ஒரு பலகை உளுத்துப் போயிருந்தால் பள்ளம் விழாது, உடைந்திருக்கும்.

ஏன் இவ்வளவு பாடுபட்டு எடுத்துப் போனார்? 2014 ஏப்ரல் 1 முதல் அறுக்காத தடியாகத் தேக்கை ஏற்றுமதி செய்ய இங்கே தடை. காட்டுத் தேக்கு, அதுவும் வயதான மரம், எளிதில் கிடைப்பதில்லை. பழைய வீட்டிலிருந்து கழற்றிய பலகை நன்றாக உலர்ந்து, இனி வளையாது, முறுக்காது என்கிற நிலையில் இருக்கும். காரைக்குடிப் பக்கத்துத் தூண்களுக்கு ஒரு காலத்தில் இங்கிருந்துதான் மரம் போனது, அதே தரத்து மரம்தான் நம் வீட்டு வாசலில் நிற்கிறது. பழுது பார்க்கிற கூலியை விட அந்த மரத்தில்தான் அவருக்கு லாபம். எங்களிடம் முன்பணமும் பாதிக்கு மேல் வாங்கிக்கொண்டார்.

சுவர் விஷயத்தில் நடந்தது வேறு மாதிரிக் கெடுதல். பொரிந்த சுண்ணாம்புக் காரையை முழுக்கச் சுரண்டிவிட்டு, கெட்டியாக சிமெண்ட் பூசி, மேலே பிளாஸ்டிக் பெயின்ட் அடித்துவிட்டார். சுண்ணாம்புச் சுவர் தரையிலிருந்து ஈரத்தை இழுக்கும், வெயிலில் வெளியே விட்டுவிடும். சிமெண்ட் பூசிவிட்டால் ஈரம் வெளியே வர வழியில்லை. நனைந்த உடம்போடு மழைக்கோட்டைப் போட்டுப் பொத்தானை மாட்டியது போலத்தான். மழை விட்டதும் பெயின்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பியது, உள்ளே வெள்ளையாய் உப்புப் பூத்திருந்தது. ஒரு இடத்தில் பூச்சு பெயர்ந்தபோது செங்கல்லின் முகத்தையும் பிய்த்துக்கொண்டு வந்தது. முன்னால் காரைதான் உதிர்ந்தது, இப்போது கல்லே போகிறது.

கேட்டதற்கு, கழற்றிய மரமெல்லாம் விறகுக்குப் போய்விட்டது என்றார். கோயில் பெரியவர்கள் இரண்டு பேர் கூட்டி வைத்துப் பேசினார்கள். படிப் பலகைகளில் சில திரும்பி வந்தன. விறகாகப் போன மரம் எப்படித் திரும்பி வந்தது என்று அம்மா கேட்டதற்கு பதில் இல்லை. அப்புறம் போனை எடுப்பதே இல்லை. இப்போது தெரிந்த ஒரு வயதான கொத்தனார் சிமெண்டைச் சுவரை நோகடிக்காமல் கொத்தி எடுத்துக்கொண்டிருக்கிறார். சுவர் நன்றாகக் காய்ந்த பிறகுதான் சுண்ணாம்பு பூசுவேன் என்று சொல்லிவிட்டார், சரி என்றோம்.

உங்கள் வீட்டில் வேலை தொடங்குமுன் கதவு, நிலை, படி, உத்திரம் எல்லாவற்றையும் போட்டோ எடுங்கள். ஒவ்வொரு மரத்தின் கண்ணுக்குத் தெரியாத முனையிலும் கரியால் ஒரு எண் போடுங்கள். கழற்றியது எவ்வளவு குப்பையாகத் தெரிந்தாலும், கணக்குத் தீர்கிற வரை உங்கள் வளவிலேயே கிடக்கட்டும். கரையான் பரவும் என்று யாராவது அவசரப்படுத்தினால், வெயிலில் போட்டு வைக்கிறோம் என்று சொல்லுங்கள். புது மரம் வந்தால் சாயம் அடிக்கும் முன்பே பார்த்துவிட வேண்டும். கொத்தனாரிடம் சுண்ணாம்பா சிமெண்டா என்று முதலிலேயே கேளுங்கள். தனியாக இருக்கிற பெரியவர்கள் என்றால், பக்கத்து வீட்டுப் பிள்ளை ஒருவரையாவது கூட நிற்கச் சொல்லுங்கள்.

எங்கள் வாசல் கதவு இன்னும் கிடைக்கவில்லை. இரட்டைக் கதவு, மேல்சட்டத்தில் தாமரை செதுக்கியிருக்கும், இடது கதவில் பித்தளைக் குமிழ் ஒன்று குறைவு. எந்த மரக்கடையிலாவது பார்த்தால் சொல்லுங்கள், விலை கொடுத்தாவது மீட்டுக்கொள்கிறோம்.