மறையும் ஓடோமீட்டர் எண்கள்: பழுதுபார்ப்பதா, மாற்றுவதா?

பி.எம்.டபிள்யூ 5 சீரீஸின் ஈ39 தலைமுறைக் (1995–2003) கார்களில், ஓடிய தூரத்தைக் காட்டும் ஓடோமீட்டர் எண்கள் கோடுகோடாக மறைவது பழைய தொல்லை. திரையை சர்க்யூட் பலகையுடன் இணைக்கும் ரிப்பன் கேபிளின் ஒட்டு விட்டுப்போவதே காரணம்.

செலவு: பழுதுபார்த்தால் கேபிளும் கூலியும். வேறு மீட்டர் (டாஷ்போர்டிலுள்ள காட்சிப் பெட்டி முழுவதும்) என்றால் அதன் விலையோடு, அதைக் காருடன் பொருந்தச் செய்யும் கோடிங் செலவும் சேரும்.

உழைப்பு: கேபிள் ஒட்ட நிதானமான கை வேண்டும். மாற்றுவது எளிது.

ஆயுள்: பழைய காரிலிருந்து கழற்றிய மீட்டரிலும் அதே வயதான கேபிள்தானே இருக்கிறது!

கிலோமீட்டர் கணக்கு: முக்கியமானது இதுதான். ஓடிய தூரம் மீட்டரில் மட்டுமல்ல, விளக்குக் கட்டுப்பாட்டுப் பெட்டியிலும் பதிவாகிறது. இரண்டும் முரண்பட்டால் திரையில் ஒரு சிறு புள்ளி எரியும். விவரம் தெரிந்தவர் காரை வாங்க வந்தால் முதலில் அதைத்தான் பார்ப்பார்.

எண்கள் மட்டும் மங்கியிருந்தால் பழுதுபார்ப்பதே என் தேர்வு. பலகையே கெட்டிருந்தால் மாற்றுங்கள். அப்போதும் உண்மையான கணக்கையே ஏற்றச் சொல்லுங்கள்.